செம்பு-ஈய மின்முலாம்: காரைக்குடியில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடிக்காரர்களுக்கு மின்வேதியியல் என்ற பேச்சு புதிதல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊருக்கு வந்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஊரில் எல்லோருக்கும் அது 'சிக்ரி'. ஆனாலும் பட்டறைக்கு வருகிறவர்கள், பாத்திரக் கடைக்காரர்கள், பாலிடெக்னிக் பிள்ளைகள் என்று எல்லோரும் செம்பும் ஈயமும் சேர்ந்த வெண்கல முலாம் பற்றித் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் சொல்லியிருக்கிறேன். இந்தப் பக்கம் முழுக்க ஈயம் என்றால் வெள்ளீயம்தான். காரீயத்தைக் காரீயம் என்றே எழுதியிருக்கிறேன்.

1. பிளேட்டிங் போட்டா என் இரும்புக் கைப்பிடி வெண்கலமா ஆயிடுமா?

ஆகாது. உள்ளே இரும்பு இரும்பாகவே இருக்கும், மேலே ஒரு தோல் ஏறும், அவ்வளவுதான். அந்தத் தோல் பெரும்பாலும் 5 முதல் 20 மைக்ரான் கனம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

வேலை நடக்கும் விதம் இது. செம்பு உப்பும் ஈய உப்பும் கரைந்த தொட்டியில் பொருளைத் தொங்கவிட்டு, ஒரே திசையில் கரண்டு கொடுக்கும் ரெக்டிஃபையரின் எதிர்முனையை அதில் கொடுக்கிறோம். நேர்முனையில் ஆனோடுத் தகடுகள் இருக்கும். கரண்ட் ஓடும்போது கரைசலில் இருக்கும் இரண்டு உலோகமும் ஒன்றாகப் பொருளின் மேல் படிகின்றன. தனித்தனி அடுக்காக இல்லாமல் அணு அணுவாகக் கலந்தே படிவதால் அதைக் கலவை முலாம் என்கிறோம்.

2. பாத்திரத்துக்கு ஈயம் பூசுறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. ஈயம் பூசுகிறவர் பித்தளை அண்டாவைக் கரியடுப்பில் வைத்துச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவுவார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை எழும்; அது உலோகத்தின் மேலிருக்கும் அழுக்கையும் ஆக்சைடையும் அரித்து எடுத்துவிடும். உடனே ஈயக் கம்பியை ஓர் ஓரத்தில் தொடுவார். ஈயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடுவதால் தொட்ட இடத்தில் வெள்ளிச் சொட்டு மாதிரி உருளும். பஞ்சுத் துணியால் அதைச் சுழற்றித் தேய்த்தால் உள்பக்கம் முழுக்கப் பளிச்சென்று பரவும். இதில் கரண்டும் இல்லை, தொட்டியும் இல்லை, பூச்சில் சேர்த்த செம்பும் இல்லை.

சமையல் பாத்திரத்தின் உள்பக்கத்துக்கு அந்தப் பழைய முறைதான் சரி. அப்பத்தா காலத்து அண்டாவைக் கொண்டுவந்து "உள்ளேயும் வெண்கல முலாம் போட்டுக் கொடுங்க" என்று கேட்கிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். மஞ்சள் வெண்கல முலாமில் பத்தில் ஒன்பது பங்கு செம்பு. புளிக்குழம்பு பட்டால் பித்தளை எப்படிக் களிம்பேறுமோ அப்படியே இதுவும் ஏறும். ஈயம் பூசக் கொடுக்கும்போதும் சுத்த வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் கலந்தால் மலிவு, ஆனால் வயிற்றுக்குள் போனால் விஷம்.

3. மஞ்சள் வெண்கலம், வெள்ளை வெண்கலம்னு ரெண்டு சொல்றாங்க. எது ஒரிஜினல்?

இரண்டும் ஒரிஜினல்தான். ஈயம் எத்தனை சதவீதம் என்பதை வைத்து நிறம் மாறுகிறது. ஈயம் 10 சதவீதத்தைச் சுற்றி இருந்தால் தங்கம் போன்ற மஞ்சள். அதற்குக் கீழே குறையக் குறையச் செம்பின் சிவப்பு எட்டிப் பார்க்கும். 15, 20 என்று ஏறினால் மஞ்சள் வெளுத்துக்கொண்டே போகும். 40 முதல் 45 சதவீதத்தில் கிட்டத்தட்ட வெள்ளி நிறம். அதுதான் வெள்ளை வெண்கலம்.

ஈயம் கூடினால் வெள்ளையும் பளபளப்பும் வரும் என்பது முலாம் வேலைக்கு வெகுகாலம் முன்பே தெரிந்த சங்கதி. கேரளத்து ஆரன்முளைக் கண்ணாடி ஈயம் மிகுந்த வெண்கலம்தான். நியூட்டன் 1668-இல் செய்த பிரதிபலிப்புத் தொலைநோக்கியின் ஆடியும், 1845-இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு நிறுவிய 72 அங்குலத் தொலைநோக்கியின் ஆடியும் இதே இனம். ஆனால் வார்த்த ஆடி கையிலிருந்து நழுவினால் கண்ணாடி மாதிரி உடையும். முலாமிலும் அந்தக் குணம் தங்கிவிடுகிறது: வெள்ளை வெண்கலம் கடினமானது, தேயாது, ஆனால் முலாம் போட்டபின் பொருளை வளைத்தால் விரிசல் விடும். வளைப்பதையெல்லாம் வளைத்து முடித்துவிட்டுத்தான் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும்.

4. கறுக்காம எத்தனை வருஷம் இருக்கும்?

எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வீட்டுக்குள் இருக்கும் அலங்காரப் பொருளுக்கு ஆயுள் அதிகம். கைபடும் கதவுப் பிடிக்கும், தொண்டிப் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் கேட்டுக்கும் குறைவு. மஞ்சள் வகை சீக்கிரம் நிறம் மங்கும், வெள்ளை வகை தாங்கும்.

மஞ்சள் முலாமுக்கு மேலே தெளிந்த லேக்கர் அடிப்பது நல்லது. பென்சோடிரையசோல் கரைசலில் முக்கி எடுத்துவிட்டு லேக்கர் அடித்தால் இன்னும் நல்லது. அது செம்பைப் பிடித்துக்கொண்டு கறுப்பதைத் தள்ளிப்போடும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிற வேலை மட்டும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்கில் தேய்க்கத் தேய்க்கப் புது உலோகம் வரும். முலாமில் அடியில் இருக்கும் இரும்புதான் வரும்.

5. செம்பும் ஈயமும் ஒரே நேரத்துல எப்படிப் படியும்? ஒண்ணு முந்திக்காதா?

முந்திக்கொள்ளும். இந்தத் தொழிலின் சிக்கல் மொத்தமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. எந்த உலோகம் முந்திப் படியும் என்பதைத் திட்ட மின்னழுத்தம் காட்டும், அது கூடுதலாக இருப்பதுதான் முந்தும். சாதாரண அமிலக் கரைசலில் செம்புக்கு அது +0.34 வோல்ட், ஈயத்துக்கு −0.14 வோல்ட். இடைவெளி அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கரண்டைத் திறந்தால் செம்பு முழுக்க முன்னால் ஓடிவிடும், ஈயம் கரைசலிலேயே நிற்கும். அதனால் செம்பின் காலில் ஒரு கட்டுப் போட வேண்டும்.

பழைய முறையில் அந்தக் கட்டு சயனைடு. சயனைடு செம்பு அயனைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் செம்பின் மின்னழுத்தம் −1 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஈயத்தை அதே தொட்டியில் காஸ்டிக் சோடா சேர்த்து ஸ்டானேட் என்ற வடிவில் வைக்கிறோம். அதன் இடமும் கிட்டத்தட்ட அங்கேதான். இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் சேர்ந்து படிகின்றன. தொட்டி 60 முதல் 65 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். சூடு குறைந்தால் ஈயம் படிவது குறையும்.

இந்தத் தொட்டியில் எனக்குப் பிடித்தது, இரண்டு உலோகத்துக்கும் தனித்தனிக் கடிவாளம் இருப்பது. கட்டுப்படாத சயனைடைக் கூட்டினால் முலாமில் செம்பு குறையும். காஸ்டிக்கைக் கூட்டினால் ஈயம் குறையும். நிறம் சிவந்தால் எதைத் தொடுவது, வெளுத்தால் எதைத் தொடுவது என்பது தெளிவு. ஆனால் டைட்ரேஷன் (எது எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை) செய்யாமல் கண்ணால் பார்த்து இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் அப்புறம் அந்தத் தொட்டியை யாராலும் வழிக்குக் கொண்டுவர முடியாது.

6. சயனைடு இல்லாம முடியாதா சார்? கேட்டாலே பயமா இருக்கு.

முடியும். பயப்படுவதும் நியாயம்தான். பைரோபாஸ்பேட் கரைசலில், பிஎச் 8-க்கும் 9-க்கும் நடுவில், செம்பும் ஈயமும் சேர்ந்து படியும். மீத்தேன் சல்ஃபோனிக் அமிலம், கந்தக அமிலம் போன்ற அமிலத் தொட்டிகளும் உண்டு. அங்கே செம்பைக் கட்டிவைக்கும் வேலையைப் பெரும்பாலும் சேர்க்கைப் பொருள்கள் பார்க்கின்றன.

இவற்றில் இருக்கும் தலைவலி வேறு. இங்கே ஈயம் இரட்டை மின்னேற்ற வடிவில், அதாவது ஸ்டேனஸ் ஆக இருக்க வேண்டும். காற்றுப் பட்டால் அது நான்கு மின்னேற்ற வடிவுக்கு மாறிவிடும். அமிலத் தொட்டியில் கரைசல் பால் விட்ட மாதிரிக் கலங்கி, அடியில் வழுவழுப்பான சேறு தங்கும். அந்தச் சேற்றில் போவது உங்கள் காசு. அதனால் காற்றை ஊதிக் கலக்கக் கூடாது, பம்பு வைத்தோ, சாமான்களை மாட்டித் தொங்கவிடும் ரேக்கை அசைத்தோதான் கலக்க வேண்டும். ஹைட்ரோகுவினோன் போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானும் சேர்க்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் இதற்குப் பிறகும் சயனைடில்லாத தொட்டியைத்தான் சொல்வேன். ஏன் என்பது 12-வது கேள்வியில் இருக்கிறது.

7. 10 மைக்ரான் ஏற எத்தனை நிமிஷம் விடணும்?

ஓடிய கரண்டின் அளவுக்கு ஏற்பத்தான் உலோகம் படியும் என்ற ஃபாரடே விதியை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. பரப்பு, 10 மைக்ரான் கனம் என்றால் கன அளவு 0.1 கன செ.மீ. வெண்கலத்தின் அடர்த்தியை 8.8 என்று வைத்தால் எடை 0.88 கிராம். அதில் 90 பங்கு செம்பு, 10 பங்கு ஈயம் என்று வைத்துக்கொள்வோம்.

சயனைடுத் தொட்டியில் செம்புக்கு ஒற்றை மின்னேற்றம்தான், ஆகவே ஓர் ஆம்பியர்-மணிக்கு 2.37 கிராம் படியும். ஸ்டானேட் ஈயத்துக்கு நான்கு மின்னேற்றம், ஓர் ஆம்பியர்-மணிக்கு 1.11 கிராம்தான். இரண்டையும் சேர்த்தால் 0.88 கிராமுக்கு 0.41 ஆம்பியர்-மணி. 2 ஆம்பியர் விட்டால் 12 நிமிஷத்துக்குச் சற்று மேல். பைரோபாஸ்பேட்டில் இரண்டு உலோகமும் இரட்டை மின்னேற்றம்: செம்பு 1.19, ஈயம் 2.21 கிராம். அதே வேலைக்கு 21 நிமிஷம் ஆகும்.

இது கரண்டு முழுக்க முலாமுக்கே போனால் வரும் கணக்கு. உண்மையில் ஒரு பங்கு ஹைட்ரஜன் குமிழாகப் போய்விடும். திறன் 80 சதவீதம் என்றால் 12 நிமிஷம் பதினைந்தரை ஆகும், 21 நிமிஷம் இருபத்தாறரை ஆகும். உங்கள் தொட்டியின் திறனை அறிய ஒரு தகட்டை முலாமுக்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பாருங்கள்.

8. திடீர்னு கருப்பா, பஞ்சு மாதிரி வருது. கரண்ட் ஜாஸ்தியா?

சயனைடு-ஸ்டானேட் தொட்டி என்றால் கரண்டைக் குறை சொல்வதற்கு முன் ஈய ஆனோடைப் பாருங்கள். அதன் மேல் மஞ்சள் கலந்த பச்சைப் படலம் இருக்க வேண்டும். அந்தப் படலம் இருந்தால்தான் ஈயம் ஸ்டானேட்டாகக் கரையும். படலம் போய் வெறும் சாம்பல் நிறத்தில் தெரிந்தால் ஈயம் இரட்டை மின்னேற்ற வடிவில், அதாவது ஸ்டானைட்டாகக் கரைகிறது என்று அர்த்தம். அது கொஞ்சம் சேர்ந்தாலே முலாம் சொரசொரப்பாகவும் கருப்பாகவும் வரும்.

தொட்டியில் சேர்ந்துவிட்ட ஸ்டானைட்டுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடை நீர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் ஸ்டானேட்டாக மாறிவிடும். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். அதிகமானால் அது சயனைடையும் தின்னும், 5-வது பதிலில் சொன்ன கடிவாளம் கையை விட்டுப் போகும். பிறகு ஆனோடைத் தொட்டியில் இறக்கும்போது சற்றுக் கூடுதல் கரண்டு கொடுத்துப் படலம் பிடிக்க வைத்துவிட்டு, அப்புறம் வேலைக் கரண்டுக்கு இறக்குங்கள். மின்தடை வந்து போகிற ஊர்களில் இந்தக் கோளாறு அதிகம். கரண்டு நின்றால் படலம் கரைந்துவிடும், திரும்பி வந்ததும் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

9. ஓரமெல்லாம் வெளுப்பு, குழிக்குள்ள சிவப்பு. ஒரே பொருள்ல ரெண்டு கலர் எப்படி?

ஓரத்தில் கரண்டு குவியும், குழிக்குள் குறைவாகப் போகும். அமிலத் தொட்டியில் கரண்டு அடர்த்தி கூடினால் செம்பு அயன்கள் மேற்பரப்புக்கு வந்து சேரும் வேகம் போதாமல் போகும், மிச்சக் கரண்டு ஈயத்துக்குப் போகும். ஆகவே ஓரத்தில் ஈயம் மிகுந்து வெளுக்கும், குழியில் செம்பு மிகுந்து சிவக்கும். சயனைடுத் தொட்டியில் இந்த வித்தியாசம் மிகவும் குறைவு.

இதைப் பார்க்க ஹல் செல் போதும். 267 மில்லி பிடிக்கும் ஒரு கோணலான சின்னத் தொட்டி அது. தகடு சாய்வாக நிற்பதால் ஒரு முனையில் கூடுதல் கரண்டும் மறுமுனையில் குறைந்த கரண்டும் போகும். ஒரே தகட்டில் சிவப்பிலிருந்து வெள்ளை வரை எல்லா நிறமும் வரிசையாகத் தெரியும். எந்த இடம் உங்களுக்கு வேண்டிய நிறமோ, அந்தக் கரண்டு அடர்த்தியில் தொட்டியை ஓட்டுங்கள். பட்டறையில் 267 மில்லிக் கண்ணாடித் தொட்டியை வாங்க யோசிக்கிறவர்கள், கெட்டுப்போன ஒரு ரேக் சாமான்களைத் திரும்பப் பஃப்பிங் (சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவது) போட ஆகும் கூலியைக் கணக்குப் பார்த்தால் போதும்.

10. கவரிங் நகைக்கு அடியில நிக்கலுக்குப் பதிலா இதைப் போடுறாங்களாமே?

ஆமாம், வெள்ளை வெண்கலத்துக்கு இன்று இருக்கும் பெரிய வேலை அதுதான். நிக்கல் பட்டால் பலருக்குக் காது அரிக்கும், தோல் தடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் இதற்கென்று உத்தரவு போட்டது. தோலில் நெடுநேரம் படும் பொருளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது. ஏற்றுமதிக்கு நகையோ பட்டனோ ஜிப்போ செய்கிறவர்கள் அதனால்தான் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

நிக்கல் இல்லாமல் செம்பின் மேல் நேராகத் தங்க முலாம் போட்டால், செம்பு மெல்ல மெல்லத் தங்கத்துக்குள் ஊடுருவி நகை மங்கிவிடும். வெள்ளை வெண்கலம் நடுவில் நின்று அதைத் தடுக்கிறது, பளபளப்பையும் கொடுக்கிறது. நிக்கல் காந்தத்தில் ஒட்டும், இது ஒட்டாது என்பதால் உயர் அதிர்வெண் கேபிள் கனெக்டர்களிலும் போடுகிறார்கள். இன்னொரு பயன்: எஃகை நைட்ரைடிங் செய்யும்போது, அதாவது நைட்ரஜன் ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்கும்போது, எந்த இடத்தில் கடினம் ஏறக் கூடாதோ அங்கே மஞ்சள் வெண்கல முலாம் போட்டு மறைப்பார்கள்.

11. இரும்பு மேல நேராப் போடலாமா? காஸ்டிங் கைப்பிடிக்கு?

சயனைடுத் தொட்டியில் இரும்பின் மேல் நேராகப் போடலாம். அமிலத் தொட்டியில் இரும்பை இறக்கினால் கரண்டு வருவதற்குள்ளேயே செம்பு தானாக அதன் மேல் படிந்துவிடும். பார்க்கச் சிவப்பாக அழகாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் உரிந்து வரும். அதன் மேல் எத்தனை மைக்ரான் ஏற்றினாலும் சேர்ந்து உரியும். முதலில் பிடிப்புக்காக மெல்லிய அடிமுலாம் ஒன்று, அதாவது ஸ்ட்ரைக், தேவை. துத்தநாகக் காஸ்டிங் இன்னும் மோசம், அமிலம் அதையே அரித்துவிடும். அதற்குக் காரத் தொட்டியில் செம்பு ஸ்ட்ரைக் கட்டாயம்.

இன்னொன்று. வெண்கலம் இரும்பைவிடத் துருவுக்கு அஞ்சாத உலோகம். முலாமில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் அந்த இடத்தில் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். துத்தநாக முலாம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும், இது அப்படிச் செய்யாது. வெளியில் நிற்கும் சாமானுக்கு 5 மைக்ரான் போட்டுக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

12. யூடியூப் பார்த்து வீட்டுக் கொல்லையிலேயே பண்ணலாமா?

சயனைடுத் தொட்டி என்றால் கூடவே கூடாது. சயனைடோடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும், மூச்சில் போனால் ஆளைக் கொல்லும். கசப்பு வாதுமை மணம் என்பார்கள், ஆனால் அந்த மணம் எல்லோருக்கும் தெரிவதில்லை. முலாமுக்கு முன் இரும்பை அமிலத்தில் முக்குவது வழக்கம் என்பதை நினைவில் வையுங்கள்: இடையில் சரியாக அலசாமல் விட்ட ஒரு ரேக் போதும். தொட்டிகளை அடுத்தடுத்து வைத்திருக்கும் சின்ன இடத்தில் இது நடக்கக்கூடிய ஒன்று.

கழிவுநீர் இன்னொரு பொறுப்பு. விதிப்படி வெளியேறும் நீரில் சயனைடு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பிஎச்சை 10-க்கு மேல் ஏற்றி ஹைப்போகுளோரைட் விட்டுச் சயனேட்டாக்கி, பிறகு பிஎச்சை இறக்கி அதையும் உடைக்க வேண்டும். மின்முலாம் தொழில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது. ஊருணித் தண்ணீரை நம்பியிருக்கும் ஊர்களில் ஒரு வாளிக் கரைசலைக் கொல்லையில் ஊற்றுகிறவரை என்ன சொல்வது? படிப்புக்காகப் பார்க்க ஆசை என்றால் கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில், செம்புச் சல்பேட்டில் தொடங்குங்கள்.

13. பழைய சாமான் வாங்குறோம். முலாமா, கெட்டி வெண்கலமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீட்டுச் சாமான் பார்க்க வருகிறவர்கள் கேட்பது. முதலில் காந்தம் வையுங்கள், இழுத்தால் உள்ளே இரும்பு. அடுத்து அடிப்பாகத்தையும் கைபட்டுத் தேய்ந்த விளிம்பையும் பாருங்கள், முலாம் அங்கேதான் முதலில் போகும். துத்தநாகக் காஸ்டிங் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் விரலால் சுண்டினால் மந்தமாகக் கேட்கும். நல்ல வெண்கலம் கணீரென்று நீண்டு ஒலிக்கும். நிஜமான பழைய வெண்கலத்தின் மேல் புது முலாம் போட்டு விற்பதும் நடக்கிறது. அது ஏமாற்று இல்லை என்றாலும் அநியாயம். தலைமுறையாக ஏறிய களிம்பு நிறம் பஃப்பிங்கில் ஒரு நிமிஷத்தில் போய்விடும், திரும்ப வராது.

14. எக்ஸ்-ரே மெஷின்ல ஈயம் 4%னு காட்டுது, ஆனா கலர் தங்கம் மாதிரிதான் இருக்கு. மெஷின் பொய் சொல்லுதா?

அடியில் இருக்கும் உலோகம் என்ன என்று பாருங்கள். பித்தளை என்றால் விடை கிடைத்துவிட்டது. எக்ஸ்-ரே சில மைக்ரான் முலாமைத் துளைத்துக்கொண்டு அடிவரை போகிறது, பித்தளையில் இருக்கும் செம்பும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. முலாமில் 10 சதவீத ஈயம் இருந்தாலும் மொத்தத்தில் பங்கு குறைந்து தெரியும். ரீடிங்கில் துத்தநாகமும் வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். 13-வது கேள்விக்காரர்களும் இதே காரணத்தால் அந்த மெஷின் ரீடிங்கை அப்படியே நம்பக் கூடாது. நிறத்தை மட்டும் நம்புவதும் ஆபத்துதான்: பிரைட்னர் என்ற பளபளப்புப் பொருள் சேர்ந்த வழவழப்பான முலாமும் மங்கலான முலாமும் ஒரே கலவையாக இருந்தாலும் கண்ணுக்கு வேறாகத் தெரியும்.

வாடிக்கையாளரிடம் சதவீதம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தால், அதே ரேக்கில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டையும் சேர்த்துத் தொங்கவிடுங்கள். அதன் மேல் முலாம் இறுக ஒட்டாது, கனமாக ஏற்றினால் தாளாக உரித்து எடுக்கலாம். அந்தத் தாளை அமிலத்தில் கரைத்துச் செம்பையும் ஈயத்தையும் தனித்தனியாக அளந்தால் வருவதுதான் சரியான எண். தகடு தொங்கும் இடமும் முக்கியம்: ரேக்கின் ஓரத்தில் வைத்தால் 9-வது பதிலில் சொன்ன காரணத்தால் ஈயம் கூடுதலாகக் காட்டும், ஆகவே நடுவில் வையுங்கள்.